பந்து காலில் இல்லாத பொழுது

‘விளையாட்டுப் பிள்ளை’ என்று தமிழில் ஒருவனைக் குறிப்பிட்டால் அது பாராட்டன்று. ‘விளையாட்டாகச் செய்துவிட்டான்’ என்றால் பொறுப்பின்றிச் செய்தான் என்று பொருள். ‘விளையாட்டு வினையாகும்’ என்று பழமொழி வேறு அச்சுறுத்துகிறது. சொல்லிலேயே இத்துணை ஐயப்பாட்டைச் சுமந்து வந்த நம்மவர் பிழைப்பின் பொருட்டுக் குடியேறியதோ, கால்பந்துக்குக் கோயில் எழுப்பாத குறையாக வாழும் கல்கத்தா மாநகரில். (2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறிய பின்னும் நம் வீடுகளில் அது கல்கத்தாவேதான்.) இம்முரண்பாடு தலைமுறை தலைமுறையாகத் தீராமலே கிடக்கிறது.

பாரதி விழாக்களில் நிகழ்வதைப் பாருங்கள். பாப்பாப் பாட்டை ஒப்பிக்கும் போட்டி தவறாமல் இடம்பெறும். குழந்தையை ஓடியாடச் சொல்லித் தொடங்கும் பாட்டு அது. மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்றே ஒதுக்கிக் கொடுத்த பாட்டு. அதனைக் கைகட்டி, அசையாமல், ஒலிபெருக்கியின் முன் நின்று குழந்தைகள் ஒப்பிக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்த தாய்மார் உதடசைத்துச் சொல்லெடுத்துக் கொடுக்கின்றனர். பரிசுகள் மூன்று. நான்காவதாக வந்த குழந்தை வீடு திரும்பும் வழியெல்லாம் ஏச்சு வாங்குகிறது. மகாகவி அவ்விழாவுக்கு வந்திருந்தால் தலைமையுரை ஆற்றியிருக்க மாட்டார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்.

நாம் கூற வருவது இதுதான். பிள்ளை வளர்ப்பில் நம்மவர் கைக்கொண்டுள்ள முறை பிழையானது. அதனைத் திருத்தத் தக்க பாடம் நாம் வாழும் நகரின் நடுவிலேயே, மைதானின் புல்தரையில், நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் நடத்தப்பட்டு வருகிறது. நம்மவர் அதனை வங்காளிகளின் பித்து என்று ஒதுக்கிவிட்டு, டியூஷன் வகுப்புக்குப் பேருந்து ஏறுகின்றனர்.

டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்களில் பணிபுரிவோர் அறிவர். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் கோப்புகள் மேசை விட்டு மேசை நகர்வதில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சமையலறை வரை பாய்கிறது அவ்வுணர்ச்சி. அம்மீன்களின் விலைகூட நம்மில் பலருக்குத் தெரியாது, அதில் பிழையொன்றுமில்லை. ஆயினும் 1911 ஜூலை 29 அன்று, ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய செய்தி நம் பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது பிழை. வாழும் மண்ணின் பெருமையறியாது வளர்ப்பது விடுதியில் வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஒரு சிறு கணக்கு. குமாஸ்தாவின் கணக்கென்று தள்ளிவிட வேண்டா. ஆட்டம் 90 நிமிடம். ஆடுவோர் 22 பேர். பந்து ஒன்று. அப்பந்து ஒரு கணமும் ஓயாமல் யாரேனும் ஒருவர் காலிலேயே இருந்ததாக வைத்துக்கொண்டாலும், ஒருவருக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும். பந்து கோட்டுக்கு வெளியே கிடக்கும் நேரம், வானில் பறக்கும் நேரம், ஊதல் ஒலித்து ஆட்டம் நிற்கும் நேரம் இவற்றைக் கழித்தால் இரண்டு மூன்று நிமிடமே எஞ்சும். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரனாயினும் எண்பது நிமிடத்துக்கும் மேல் பந்தின்றியே களத்தில் வாழ்கிறான்.

அந்த எண்பது நிமிடத்தில் அவன் செய்வது என்ன? ஓடுகிறான். வெற்றிடம் தேடுகிறான். தனக்குப் பந்து வராது என்று தெரிந்தும், எதிரணிக் காவலர் இருவரைத் தன்னோடு இழுத்துச் சென்று தோழனுக்கு வழி திறக்கிறான். தோழன் முன்னேறியதால் வெறுமையான இடத்தைத் தான் போய் நிரப்புகிறான். பந்து தன்னிடம் வருமுன்னரே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கின்றனர் என்று மனத்தில் வரைந்துகொள்கிறான். ஸ்பெயின் நாட்டு ஷாவி என்பார் ஆடியதைக் கண்டவர்கள் அத்தலை ஒரு நொடியும் ஓய்ந்திராததைக் கண்டிருப்பர். உடல் வலிமையால் அவர் சிறந்தவரல்லர், உயரமும் குறைவே. 2010-இல் உலகக் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தை அவர் ஆண்டது பந்து வருமுன் செய்த வேலையால்.

இவ்வேலைக்குக் கைதட்டல் இல்லை. மறுநாள் நாளிதழில் இதற்கு வரியும் இல்லை. கோல் அடித்தவன் பெயர்தான் அச்சேறும். நம் வீடுகளிலும் அச்சேறுவது ஒன்றே: மதிப்பெண் பட்டியல். ஆண்டுக்கு நான்கு தடவை வரும் அப்பட்டியல்தான் பந்து காலில் இருக்கும் பொழுது. மற்ற நாளெல்லாம் பிள்ளை யாரோடு பழகினான், தோற்ற தோழனுக்கு என்ன சொன்னான், அண்டை வீட்டு முதியவர் பையைச் சுமந்து வந்தபோது எழுந்து போனானா, தனியே அமர்ந்து எதை எண்ணிக் கொண்டிருந்தான் என்பனவற்றை யார் பார்த்தார்? அந்த எண்பது நிமிடத்தைப் பாராத தந்தை பட்டியல் வந்த அன்று மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நீதிபதியாகிவிடுகிறார்.

விளையாட்டை வெறுப்பவரை மட்டும் நாம் குறை கூறவில்லை. அண்மைக் காலத்தில் வேறொரு வகையினர் தோன்றியுள்ளனர். மாதக் கட்டணம் செலுத்திக் கால்பந்துப் பயிற்சிக் கூடத்தில் மகனைச் சேர்க்கின்றனர். வண்ணச் சீருடை, முள் காலணி யாவும் வாங்கித் தருகின்றனர். பின்னர்க் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ‘அடி, அடி, நீயே அடி’ என்று தொண்டை கிழியக் கத்துகின்றனர். பத்து வயதுச் சிறுவன் காலில் பந்து வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தலை நிமிர்ந்து பார்ப்பது. தந்தையின் குரல் அத்தலையை நிமிரவிடுவதில்லை. அவன் களத்தைப் பாராமல் தந்தையின் முகத்தைப் பார்க்கிறான். இவர் டியூஷன் தந்தைக்கு மாற்றானவர் அல்லர். அவருடைய உடன்பிறப்பே ஆவார். இருவருக்கும் வேண்டியது கோல் ஒன்றே.

இதற்கு மருந்தறிந்த ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த செய்யது அப்துல் ரகீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். நம்மைப் போன்று பி.ஏ. படித்தவர். ஐதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தவர். 1951-இல் தில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் ஆகியவை இந்தியாவுக்கு அவர் பயிற்சியில் வாய்த்தன. 2024-இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றால் அவர் பெயர் மீண்டும் மக்கள் நாவில் ஏறியது நன்று. ஆனால் திரைப்படம் பார்த்தவர் வெற்றியைக் கண்டு கண்ணீர் உகுத்தார்களே அன்றி, அவர் பயிற்றிய முறையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அம்முறை யாது? அவர் இளைஞர்களுக்கென விந்தையான போட்டிகள் நடத்தினார். ஒரு போட்டியில், பந்தைத் தானே உருட்டிச் சென்று எதிரியை ஏய்த்துக் கடப்பதற்குத் தடை. வந்த பந்தைத் தோழனுக்குத் தந்தாக வேண்டும். இன்னொரு போட்டியில் வலுவிழந்த காலால் மட்டுமே உதைக்கலாம்; வலக்காலன் இடக்காலாலும் இடக்காலன் வலக்காலாலும் ஆட வேண்டும். சிந்தித்துப் பாருங்கள். வல்லவன் எவனோ அவனுடைய வல்லமையைப் பறித்துவிட்டு ஆடச் சொல்கிறார். அவ்வாட்டத்தில் எல்லாரும் தடுமாறுவர், எல்லாரும் சிரிப்பர், எவனுக்கும் நாணமில்லை. தடுமாறுவதற்கு இடமளித்த அப்பயிற்சியினால்தான் இரு காலாலும் ஆட வல்லவர்கள் உருவாயினர்.

நம்மவர் வீட்டில் இதற்கு நேர்மாறு. கணக்கில் கெட்டிக்காரன் என்றால் கணக்குக்கே இரண்டு டியூஷன். பாட வாராத பிள்ளை வாய் திறந்தால் ‘உனக்கேன் இது?’ படம் வரையும் பெண்ணிடம் ‘இதெல்லாம் விடுமுறையில்’. ஒற்றைக் காலில் ஓடப் பழக்கிவிட்டு, இருபது வயதில் பிள்ளை நொண்டுகிறான் என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர்.

ரகீமிடமிருந்து கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதுவே நமக்கு மிக உகந்தது. 1962 ஜகார்த்தா. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று. அவரை ரகீம் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே இடத்தில் நிறுத்தவும் இல்லை. அரையிறுதியில் முன்களத்துக்கு அனுப்பினார்! தடுப்பதே தொழிலாகக் கொண்டவர் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் அதே தென் கொரியா. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்ட அரங்கம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. இந்தியா 2-1 என வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது; மற்றொன்று பின்களக் காவலர் ஜர்னைல் அடித்தது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர் தாங்கிய அவர் பின்னாளில் கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடியவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்வது நன்று. அத்தங்கராஜ் இளமையில் ஆடத் தொடங்கியது கோல் காப்பவராக அன்று, முன்களத்தில்! முன்னே நின்றவர் பின்னே வந்து காத்தார். பின்னே நின்றவர் முன்னே சென்று அடித்தார். அதற்குப் பின் இந்தியா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் கண்டதில்லை. ரகீம் 1963 ஜூனில் புற்றுநோயால் மறைந்தார்.

சட்டை எண்ணைக் கண்டு ஆளை மதிப்பிடுவோர் என்ன ஆவர் என்பதற்கு 1953 நவம்பர் 25 சான்று. வெம்பிளியில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியது. 9-ஆம் எண் அணிந்தவன் கோல் முகப்பில் நிற்பான் என்பது ஆங்கிலேயர் கொண்ட விதி. ஹிடெகுட்டி 9-ஆம் எண் அணிந்து நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்றார். அவரைத் தொடர்ந்து போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் ஆங்கிலக் காவலர் திகைத்தார். ஹிடெகுட்டி மூன்று கோல் அடித்தார். நம்மவர் வீடுகளிலோ, பிள்ளை பிறந்த நட்சத்திரம் பார்க்கும்போதே முதுகில் எண் எழுதியாகிவிடுகிறது: மூத்தவன் பொறியியல், இளையவள் மருத்துவம், இரண்டும் வாராவிட்டால் வங்கித் தேர்வு. எண்ணுக்கேற்ப நில் என்று சொல்லிவிட்டு, ‘ஏன் திகைக்கிறாய்?’ என்று கேட்பது அறமா?

இவ்வளவுக்கும் வேர் எங்குள்ளது? அச்சத்தில். அதையும் கால்பந்து மொழியிலேயே சொல்லலாம். இத்தாலியர் ‘கதெனாச்சியோ’ என்று ஓர் உத்தியைக் கையாண்டனர். கதவுத் தாழ்ப்பாள் என்பது அச்சொல்லின் பொருள். ஒரு கோல் அடித்துக்கொள். பின்னர்க் கதவைத் தாழிட்டுவிடு. எரெரா என்பாரின் இண்டர் மிலான் அணி இவ்வுத்தியின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாகி 1964, 1965 ஆகிய ஈராண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. எனவே அதனை மூடத்தனம் என்று நாம் இகழவில்லை. ஆயினும் 1967-இல் லிஸ்பன் நகரில் நடந்தது என்ன? இண்டர் 7-ஆம் நிமிடத்திலேயே தண்டனை உதையில் கோல் அடித்துத் தாழிட்டது. எதிரே நின்ற ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியினர் அனைவரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி முப்பது மைல் தொலைவுக்குள் பிறந்த உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்கள் அலையலையாக வந்து தாழ்ப்பாளை அசைத்தனர். சமன் செய்த கோலை அடித்தவர் ஒரு பின்களக் காவலர். 2-1 என வென்றனர்.

இடம் பெயர்ந்து வந்த நம்மவர் வாழ்வு தாழ்ப்பாள் ஆட்டமே. போட்டித் தேர்வெழுதி நிலையான பணி ஒன்று பெற்றது நம் தலைமுறை அடித்த கோல். அரிய கோல்தான், ஐயமில்லை. அதன்பின் ஆட்டமெல்லாம் அதனைக் காப்பதற்கே ஆயிற்று. வாடகை, மாற்றல் உத்தரவு, ஓய்வூதியம், ஊரில் பழுதடையும் வீடு. இவற்றுக்கு அஞ்சிப் பத்துப் பேரையும் கோல் முகப்பில் நிறுத்திவிட்டோம். அதுகூடப் பொறுக்கலாம். பொறுக்கவொண்ணாதது யாதெனில், பிள்ளைகளையும் அத்தடுப்பு வரிசையில் நிறுத்தியிருப்பது. தந்தை முப்பதாண்டுக்கு முன் அடித்த கோலைக் காப்பதற்காகவா மகன் பிறந்தான்? அவனுக்கென்று ஓர் ஆட்டம் தொடங்கி, ஊதல் ஊதி, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுப்புகள் வருமென அறிவோம். ‘நமக்கு இங்கே நிலமுண்டா? பரிந்துரைக்க ஆளுண்டா? மதிப்பெண்தான் மூலதனம்’ என்பர். உண்மை, முழு உண்மை. கோல் வேண்டா என்று சொல்லும் கால்பந்து ரசிகன் எவனும் இல்லை. கோல் எவ்வாறு பிறக்கிறது என்பதே கேள்வி. பதினொருவரும் எதிரியின் கோல் முகப்பில் போய் நின்றால் கோல் விழுவதில்லை.

‘பட்டியலும் போட்டியும் இல்லாவிடில் பிள்ளை மழுங்கிவிடுவான்’ என்பர். நார்வே நாட்டின் விளையாட்டு விதியைப் பாருங்கள். அங்கே பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறாருக்குத் தரவரிசைப் பட்டியல் கிடையாது. பதின்மூன்று வயது வரை தேசிய வாகையர் போட்டி கிடையாது. அந்நாடு மழுங்கிவிட்டதா? 2025-இல் இத்தாலியை அதன் மண்ணிலேயே 4-1 என வென்று, 1998-க்குப் பின் முதன்முறையாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவ்விதி ஒன்றாலேயே வென்றது என்று வாதிட மாட்டோம். அவ்விதியால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதே நம் துணிபு.

‘வங்காளிப் பிள்ளைகளோடு ஆடினால் தமிழ் மறந்துவிடும்’ என்பது மூன்றாவது மறுப்பு. இதைச் சொல்வோர் மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளையிடம் பேசுவது யாது? ‘எத்தனை மார்க்?’ இரண்டே சொல். அதிலும் ஒன்று ஆங்கிலம். திடலில் வங்காளியிலும் இந்தியிலும் கூவி ஆடிய பிள்ளை, வீட்டுக்கு வந்து ஆட்டத்தை அம்மாவிடம் தமிழில் சொல்லட்டும். யார் தள்ளினான், யார் விழுந்தான், பந்து எந்தச் சுவரைத் தாண்டிப் போயிற்று என்று சொல்லட்டும். வினைச்சொற்கள் தாமே வரும். அறைக்குள் அடைபட்ட பிள்ளைக்குச் சொல்வதற்குச் செய்தி ஏது?

பெண் மக்களைப் பற்றிச் சொல்லாவிடில் இக்கட்டுரை பாதியே ஆகும். திடலில் ஆடும் சிறுவரை எண்ணினால் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் தென்படுவதில்லை. பாட்டும் பரதமும் போதுமென்று விட்டோம். 2018-இல் கட்டக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில், மணிப்பூரை 2-1 என வென்று கோப்பை கொண்டது தமிழ்நாட்டு மகளிர் அணி. 2023-இல் மீண்டும் வென்றது. அந்த மண்ணின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆவார். நாம் வாழும் வங்கத்திலோ, கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் 2025 ஜூலையில் தாய்லாந்துக்கு எதிராக இரு கோலும் அடித்து, இந்திய மகளிரை ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தார். பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும் பெண்களைக் களமிறக்கியிருக்க, இடையில் நிற்கும் நம்மவர் வீட்டுப் பெண் சன்னலோரம் நின்று பார்ப்பானேன்?

இவை யாவும் பேச்சளவில் நிற்கும் செய்திகள் அல்ல. நாம் வாழும் அரசுக் குடியிருப்பின் நடுவே ஒரு திடல் உண்டு. புல் பாதி, மண் பாதி. மழைக் காலத்தில் சேறு. மாலை ஐந்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் கூடுகின்றனர். பந்து சன்னலில் படுகிறது, கூச்சல் படிப்பைக் கெடுக்கிறது என்று கூறி, அத்திடலை வாகனம் நிறுத்துமிடமாக்க வேண்டுமென ஒரு விண்ணப்பம் சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. கையொப்பமிட்டோரில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது. ஊருக்கு வெளியே வந்தும் ஒற்றுமை காட்டியது இதற்குத்தான் போலும். பத்தாவதாக நம்மை அணுகினர். மறுத்தோம், காரணமும் சொன்னோம், மேலே எழுதியது அதன் விரிவே.

வரும் மாதப் பொதுக்கூட்டத்தில் விண்ணப்பம் வாக்குக்கு வருகிறது. இம்மலரைப் படிக்கும் அவ்வொன்பது குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்வது இரண்டு. கையொப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை மாலை உங்கள் பிள்ளைகளை, பெண்களையும் சேர்த்து, திடலுக்கு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டா. வாகனங்களுக்கு இடம் வேண்டுமெனில், மேற்குச் சுவரோரம் பழைய நீர்த்தொட்டியை இடித்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நாடா வைத்து அளந்து பார்த்தோம். பதினொரு வண்டிகள் தாராளமாக நிற்கும்.